5 ரூபாய் காங்கிரஸ் உறுப்பினர் அட்டை: வாங்கினால் ஓட்டு உண்டா?

2021-22 சேர்க்கையில் காங்கிரஸ் உறுப்பினர் அட்டைக்கு 5 ரூபாய். கட்சித் தலைவருக்கு ஓட்டுப் போடலாம் என்று இதை வாங்கியவர்களுக்கு ஏமாற்றம்தான். அந்த ஓட்டு, வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் மாநில அளவிலான பிரதேச கமிட்டிக்குப் போகும் பிரதிநிதிக்கே உரியது. மல்லிகார்ஜுன கார்கேவும் சசி தரூரும் போட்டியிட்ட 2022 அக்டோபர் 17 தலைவர் தேர்தலில் நாடு முழுக்க அப்படி இருந்தவர்கள் சுமார் 9,900 பேர்.

ஓட்டுப்பதிவு ஏற்பாட்டைத் தாராளமாகப் பாராட்டலாம். பிரதிநிதிகளுக்கு கியூஆர் கோடு போட்ட அடையாள அட்டை கொடுத்தார்கள். எல்லா மாநிலச் சீட்டுகளையும் டெல்லியில் ஒன்றாகக் கலந்த பிறகே எண்ணினார்கள். எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று தெரியாததால், பிறகு பழிவாங்க வழியில்லை. மற்ற கட்சிகளும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கோளாறு வாக்காளர் பட்டியலில். வேட்புமனுவுக்குப் பத்துப் பிரதிநிதிகள் முன்மொழிய வேண்டும். பிரதிநிதிகள் யார் என்றே தெரியாமல் பத்துப் பேரை எங்கே தேடுவது? சசி தரூர், மணீஷ் திவாரி, கார்த்தி சிதம்பரம் உள்ளிட்ட ஐந்து எம்.பி.க்கள் கடிதம் எழுதிய பிறகுதான், போட்டியிடுபவர்கள் டெல்லி அலுவலகத்தில் பட்டியலைப் பார்க்கலாம் என்றார்கள். கைக்கு வந்த பட்டியலிலும் பலருடைய தொலைபேசி எண் இல்லை என்று தரூர் சொன்னார். சீட்டில் '1' என்று எழுதச் சொன்னது இன்னொரு தவறு. கார்கேவின் வரிசை எண்ணும் 1 என்பதால் குழப்பம் வரும் என்று தரூர் தரப்பு எதிர்த்தது; கடைசி நேரத்தில் டிக் குறியாக மாற்றினார்கள். பதிவான 9,385 ஓட்டில் கார்கேவுக்கு 7,897, தரூருக்கு 1,072, செல்லாதவை 416. இரண்டே பெயர் உள்ள சீட்டில் 416 என்பது மிக அதிகம்.

தேர்தலுக்குப் பிந்தைய சேவைதான் மோசம். பிரதேச கமிட்டி உறுப்பினர்களில் எட்டில் ஒரு பங்கினரைத் தேர்ந்தெடுத்து அகில இந்திய கமிட்டிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. 2022 செப்டம்பரில் பல மாநிலங்கள் ஒருவரித் தீர்மானம் போட்டு அந்த உரிமையைத் தலைமையிடமே கொடுத்துவிட்டன. 2023 பிப்ரவரியில் ராய்ப்பூரில், கட்சியின் உயர் முடிவுகளை எடுக்கும் காரியக் கமிட்டிக்கும் தேர்தல் வேண்டாம், தலைவரே நியமிக்கட்டும் என்று முடிவானது. அதற்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 1997இல், கல்கத்தாவில்.

கட்சி வேலை செய்ய விரும்புகிறவர்கள் வாங்கலாம். ஓட்டுக்காக வாங்குவதானால், பணம் கட்டும் முன் வட்டாரத் தலைவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: பிரதிநிதித் தேர்தல் எந்தத் தேதியில், உறுப்பினர் பட்டியலை எங்கே ஒட்டுவீர்கள், போட்டி வந்தால் பெட்டி வைப்பீர்களா?