நுரை போனால் போதுமா? பெல்லந்தூர் தண்ணீருக்கு எந்த வழி?

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் ஷட்டரைத் திறந்தால் தென்பெண்ணை வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு ஓடுவதை டிவியிலாவது பார்த்திருப்பீர்கள். பெங்களூர் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக இந்த ஆற்றுக்குத்தான் வருகிறது. அதே பெல்லந்தூர்தான் 2015லும் 2017லும் தீப்பிடித்து எரிந்தது. ஏரி தீப்பிடிப்பதை எந்த ஊரில் கேட்டிருக்கிறோம்?

"எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) கட்டினால் சரியாகிவிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, எந்த எஸ்டிபி? காற்றேற்றி நுண்ணுயிரிகளை வைத்து அழுக்கைத் தின்னவிடும் சாதாரண நிலையம் ஒழுங்காக ஓடினாலே சோப்புத்தூளின் நுரைப்பொருள் பெரும்பாலும் சிதைந்துவிடும், பிஓடியும் (அழுக்கு மக்குவதற்குத் தண்ணீரிலிருந்து உறிஞ்சும் ஆக்சிஜனின் அளவு) இறங்கிவிடும், தண்ணீர் தெளிவாகவும் இருக்கும். பாசிக்கும் செடிக்கும் உரமான பாஸ்பரஸ் மட்டும் பெரும்பகுதி அப்படியே வெளியே போகும். நுரை போன பிறகும் ஆகாயத்தாமரை ஏரியை மூடுவது இதனால்தான். மத்திய அரசின் 2017 விதிகளில் பெருநகரங்களுக்கு பிஓடி லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று இருந்தது, பாஸ்பரஸுக்கு வரம்பே இல்லை. 2019இல் பசுமைத் தீர்ப்பாயம்தான் பிஓடியை 10 ஆக்கி, ஏரி குளத்தில் விடும் நீருக்குப் பாஸ்பரஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றும் சொன்னது. பழைய விதிப்படி பாஸ் ஆன நிலையம்கூட ஏரியைக் கெடுத்திருக்கலாம்.

பாஸ்பரஸை எடுக்க இரண்டு வழிகள். படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ போட்டால் திரண்டு அடியில் படிந்துவிடும். மழைக்காலம், வெயில்காலம் எல்லாவற்றிலும் வேலை செய்யும், பழைய நிலையத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ரசாயனச் செலவு மாதாமாதம் நிற்காது, சேறும் கூடும், அதைக் கொட்ட இடம் வேண்டும். இன்னொன்று உயிரியல் முறை. நுண்ணுயிரிகளை முதலில் காற்றில்லாத தொட்டியில் கழிவுநீரிலுள்ள தீனியைத் தின்னவிட்டு, அப்புறம் காற்றுள்ள தொட்டிக்கு விட்டால் அவை பாஸ்பரஸை அளவுக்கு மீறி விழுங்கிக்கொள்ளும், அந்தச் சேற்றை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. சொல்ல எளிது. சேற்றைச் சீக்கிரம் எடுக்காமல் காற்றில்லாமல் போட்டுவைத்தால் விழுங்கியதையெல்லாம் திரும்பக் கக்கிவிடும், மழைநீர் சாக்கடையில் கலந்து கழிவுநீர் நீர்த்துப்போனாலோ அவற்றுக்குத் தேவையான தீனியே இருக்காது. நம் ஊர் பராமரிப்பை நினைத்தால் உயிரியல் முறையை மட்டும் நம்ப எனக்குத் துணிச்சல் இல்லை. அதோடு ஃபெரிக்கும் கைவசம் இருக்கட்டும்.

அடுத்தது, தண்ணீரையே வேறு பக்கம் திருப்பிவிடுவது. சியாட்டிலின் வாஷிங்டன் ஏரி இதற்குப் பேர்போனது. ஏரியைச் சுற்றியிருந்த ஊர்களின் கழிவுநீரை 1963 முதல் 1968க்குள் பியூஜெட் சவுண்ட் என்ற கடல் உள்வாய்க்குத் திருப்பினார்கள். ஒரு மீட்டர்கூடக் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் சில ஆண்டுகளில் மூன்று மீட்டர் ஆழத்துக்குத் தெளிந்தது. இந்த அளவு சுத்தமான வெற்றி அபூர்வம். ஆனால் கடல்நீரில் பாசியை வளர்ப்பது பெரும்பாலும் நைட்ரஜன். 2022இல் அந்தக் கடலுக்கு நீர் விடும் 58 நிலையங்களுக்கு நைட்ரஜனைக் கட்டுப்படுத்தும் அனுமதி முறையை அந்த மாநிலம் கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் கழித்து பில் வந்த மாதிரி.

பெங்களூரும் திருப்பித்தான் பார்த்தது. கே.சி. வேலி திட்டத்தில் நாளுக்கு 44 கோடி லிட்டர் வரை இரண்டாம் நிலை சுத்திகரிப்பு முடிந்த நீரைக் கோலார் ஏரிகளுக்கு பம்ப் செய்வதாகத் திட்டம். 2018இல் தண்ணீர் போனது. வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பின, கிணற்றில் தண்ணீர் ஏறியது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சியாட்டிலுக்குக் கடல் கிடைத்தது, இங்கே திருப்பிவிட்ட இடமும் ஏரிதான், அதுவும் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் ஏரித்தொடர். பாஸ்பரஸை எடுக்காமல் அனுப்பினால் பெல்லந்தூரின் தலைவலியைக் கோலாருக்குப் பார்சல் கட்டுகிறோம்.

பெங்களூரின் ஜக்கூர் ஏரி மாதிரி கோரையும் சம்பும் வளர்க்கும் ஈரநிலத்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கும் பிடிக்கும், பறவைகளும் வரும். அங்கே நாளுக்கு 1 கோடி லிட்டர் நிலையத்தோடு அது ஆரம்பித்தது, கே.சி. வேலி அதைப்போல 44 மடங்கு. அவ்வளவு நிலத்துக்கு பெல்லந்தூர் பக்கம் எங்கே போவது? செடியை அறுத்து வெளியே எடுக்காவிட்டால் பாஸ்பரஸும் அங்கேயே மக்கி ஏரிக்குத் திரும்பும். நிலையத்துக்குப் பின்னால் கடைசி வடிகட்டியாக வைக்கலாம், நிலையத்துக்குப் பதிலாக வைக்க முடியாது.

சென்னை கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் செய்வதுபோல ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைக்கு விற்றால் அந்தப் பங்கு நீர் ஆற்றுக்கே வராது. ஒவ்வொன்றும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர். வாங்க ஆள் இருக்கும் வரை நல்லதுதான்.

கெலவரப்பள்ளிக்காக என்றால் என் ஓட்டு நிலையத்திலேயே பாஸ்பரஸை எடுப்பதற்குத்தான், சேறு கொட்டும் செலவையும் சேர்த்தே சொல்கிறேன். அதைச் செய்தாலும் ஏரிகளின் அடிச்சேற்றில் பல வருஷமாகச் சேர்ந்த பாஸ்பரஸ் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டே இருக்கும், தூர்வாரும் வேலை தனிக் கணக்கு.