நூறு இலக்கு நோட்டு: பத்து வருடப் புழக்கத்தில் எது தாங்குகிறது

வாழ்நாளில் செய்ய நினைக்கும் நூறு இலக்கை ஒரு நோட்டில் எழுதி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். அது பிழைக்குமா என்பது அதன் பிறகு அதை எப்படி அடித்துத் திருத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. மார்ச்சுக்குள் தொலைந்துபோகும் பட்டியலிலும் பத்து வருடம் புழங்கி ஓரம் கறுத்துப்போன பட்டியலிலும் எழுதியிருக்கும் ஆசைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். வீடு, ஊர் சுற்றல், தொப்பை, இங்கிலீஷ். அதனால் இங்கே பெரும்பாலும் திருத்துவது பற்றித்தான்.

இந்த மாதிரிப் பட்டியலுக்கு இரண்டு பேர்போன அச்சு உண்டு. ஒன்று, அமெரிக்கர் ஜான் காடர்ட் 15 வயதில் எழுதிய 127 இலக்குகள். நைல் நதிப் பயணமும் அதில் உண்டு, நிமிடத்துக்கு 50 வார்த்தை டைப் அடிப்பதும் உண்டு. கெடு கிடையாது. 2013-ல் அவர் இறந்தபோது நூற்றுக்கு மேல் முடிந்திருந்தது. எவரெஸ்டும் நிலாவும் பாக்கி. இன்னொன்று, 1001 நாளில் 101 காரியம் என்ற கணக்கு. 1001 நாள் என்றால் இரண்டே முக்கால் வருடம். கெடு இல்லாத பட்டியல் பரண்மேல் போட்ட பித்தளைப் பானை போல, இருக்கிறது என்ற நினைப்பிலேயே காலம் ஓடிவிடும். 1001 நாள் பட்டியலிலோ கெடுவுக்குப் பயந்து சில்லறை வேலைகள் நிரம்பிவிடும். ‘அலமாரி ஒழிப்பது’ எல்லாம் இலக்காகிவிடும். நெடுநாள் புழக்கத்துக்கு ஒத்துவருவது இரண்டையும் கலந்த முறை: நோட்டில் நூறு இருக்கட்டும், ஒரு நேரத்தில் ஓடுவது ஏழெட்டுக்கு மேல் வேண்டாம்.

நோட்டு பற்றி. 2 குயர் லாங் சைஸ், 192 பக்கம், காலிகோ பைண்டிங். ஒட்டின நோட்டு மூன்றாம் வருடம் நடுவில் பிளந்துவிடும், தைத்ததுதான் நிற்கும். முதல் எட்டுப் பக்கம் எண்வரிசைக்கு. அதன்பின் ஓர் இலக்குக்கு ஒரு முழுப் பக்கம், நூறு பக்கம். மிச்சம் வருடாந்திரத் திருத்தத்துக்கும் புது இலக்குகளுக்கும். ஒரு பக்கத்தில் இருபத்தைந்து இலக்கு எழுதுகிறவர்கள் இரண்டாம் திருத்தத்திலேயே இடமில்லாமல் புது நோட்டுக்கு மாறுகிறார்கள். மாற்றி எழுதும்போது அடித்தவை விட்டுப்போகும். எதை ஏன் அடித்தோம் என்பதும் கூடவே போய்விடும். பால்பாயிண்ட் பேனாவே போதும். சித்திரை வெயிலில் வேர்த்த கைக்கு ஜெல் மை ஈஷிக்கொள்ளும். பென்சில் கூடவே கூடாது, அழிக்கத் தோன்றும்.

செல்போனில் வைத்துக்கொள்ளலாமா? இரண்டாம் பிரதியாக வைத்துக்கொள்ளலாம். செக்லிஸ்ட் வகைச் செயலிகளில் முடித்தது அடியில் போய் மறைகிறது. நீக்கியது தடமே இல்லாமல் போகிறது. சில செயலிகள் ஒருநாள் கடையையே கட்டிவிடுகின்றன. எக்செல் மாதிரிக் கட்டம் போட்ட ஷீட் பரவாயில்லை, வரிசை நீக்காமல் இருந்தால். நோட்டு வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

எழுதும்போது ஒரே மூச்சில் நூறைத் தொடப் பார்க்க வேண்டாம். மேலே பிள்ளையார் சுழி போட்டு உட்கார்ந்தால் முதல் நாற்பது அரை மணியில் வந்துவிடும். நாற்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில் வருபவை பெரும்பாலும் அடுத்தவர் ஆசை: சகலையின் கார், மச்சினர் போன சிங்கப்பூர், வாட்ஸப்பில் பார்த்த பனிமலை. எழுபதுக்கு மேல்தான் சொந்தச் சரக்கு கசியும். வாரத்துக்கு ஓர் அமர்வு என்று மூன்று அமர்வாகப் பிரித்தால் இது தெளிவாகவே தெரியும். இரவல் ஆசையைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி: முடித்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்றால் அதைச் செய்வோமா?

அடுத்து ஒவ்வொன்றும் எந்த வகை என்று குறிக்க வேண்டும். ஒருமுறையில் முடிவது, எண்ணிக்கையாகச் சேர்வது, அடுத்தவர் கையில் இருப்பது, முடிவே இல்லாதது. கடைசி வகை பழக்கம். ‘தினமும் நடப்பது’ இந்த நோட்டுக்கு உரியதல்ல, காலண்டரில் டிக் போட வேண்டியது. ‘மகள் டாக்டராக வேண்டும்’ மகளின் இலக்கு. ‘மகளின் மேற்படிப்புக்கு இத்தனை லட்சம் ஒதுக்குவது’ என்று மாற்றினால் நம் கைக்கு வரும். தொகைக்குப் பக்கத்தில் எந்த வருட விலை என்று எழுதாவிட்டால் அந்தப் பக்கம் பயனற்றது: விலைவாசி 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இரண்டு மடங்காகிவிடும். ‘டைப் கற்பது’ என்று வெறுமனே எழுதினால் அப்படியே கிடக்கும். ‘டைப்ரைட்டிங் ஹையர் பாஸ்’ என்று எழுதினால் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அரசுத் தேர்வு இருக்கிறது, நிமிடத்துக்கு 45 வார்த்தை என்ற அளவும் இருக்கிறது. காடர்டின் ஐம்பதுக்குக் கொஞ்சம் கிட்டே.

எண்ணிக்கை இலக்குகளில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ‘ரத்த தானம் 50 முறை’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தானத்துக்கும் ஐம்பதாவதுக்கும் நடுவில் 49 இடைவெளி. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம், பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. ஒருமுறைகூடத் தவறாமல் போனாலும் ஆணுக்கு 12 வருடம் 1 மாதம், பெண்ணுக்கு 16 வருடம் 1 மாதம். உச்ச வயது 65. ஆக, 55 வயதில் தொடங்கும் ஆண் எப்படிப் பார்த்தாலும் 41-ஐத் தாண்ட முடியாது. நடுவில் ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், காய்ச்சலுக்கு மாத்திரை எடுத்திருந்தாலும் தள்ளிப்போகும். வருடத்துக்கு மூன்று என்று போடுவதே நடப்புக் கணக்கு. இதே போல, மாதம் இரண்டு புத்தகம் வாசிப்பவருக்கு ஆயிரம் புத்தகம் 41 வருடத்துக்கு மேல் ஆகும். வாரம் ஓர் அதிகாரம் என்றால் திருக்குறள் 133 வாரம், இரண்டரை வருடம் சொச்சம். குறள் பக்கம் பெரும்பாலும் முடிந்துவிடும். புத்தகப் பக்கத்தை வகுத்துப் பார்க்காமல் எழுதினால் குற்றவுணர்ச்சி ஒன்றுதான் மிஞ்சும்.

‘108 திவ்யதேசம்’, அதாவது ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்கள், இன்னும் சிக்கலானது. 108-ல் திருப்பாற்கடலும் பரமபதமும் பூமியில் இல்லை, ஆகவே நோட்டில் 106 என்றே எழுத வேண்டும். மதுரைக்காரர்களுக்கு ஆரம்பம் அல்வா மாதிரி. கூடலழகர், திருமோகூர், அழகர்கோவில் மூன்றும் ஒரே நாளில் முடியும். ஸ்ரீவில்லிபுத்தூர், திருத்தங்கல் ஒரு நாள். திருக்கோஷ்டியூர், திருமெய்யம் இன்னொரு நாள். பாண்டிநாட்டுப் பதினெட்டும் சீக்கிரம் தீர்ந்து, பட்டியல் ஓடுகிறது என்ற தெம்பு வரும். கடைசியில் பாக்கி நிற்பவை அகோபிலத்துப் பாறைப் பாதை, 3,100 மீட்டரில் பத்ரிநாத், 3,700 மீட்டருக்கு மேலே நேபாளத்து முக்திநாத். அந்த நேரத்தில் மூட்டுக்கு அறுபத்தைந்து வயது. கோயில் வரிசைக்கும் மலை வரிசைக்கும் ஒரே விதி: உடம்பைக் கேட்பவை முதலில், பஸ்ஸில் போய் வருபவை கடைசியில். கூடலழகர் எங்கும் போய்விட மாட்டார்.

நாள் கணக்கையும் போட்டுவிட வேண்டும். வருடத்துக்கு 52 ஞாயிறு. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம். காதுகுத்து, புதுமனை புகுவிழா, திருப்பிச் செய்ய வேண்டிய மொய். ஆடியில் கல்யாணம் இல்லையே என்று பார்த்தால் குலசாமி கும்பிடு வந்து நிற்கும், கிடாவெட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. நமக்கென்று இருபது ஞாயிறு மிஞ்சினால் பெரிய விஷயம். மார்கழிதான் உண்மையில் காலியான மாதம், வெயிலும் இல்லை. வெளியூர் நடையெல்லாம் அங்கே போட்டால் நடக்கும்.

இனி திருத்தம். பெரிய திருத்தம் வருடத்துக்கு ஒன்று. ஜனவரி 1 சரிப்படாது, பொங்கல் வரும்வரை வீடு ஒரு நிலையில் இராது. சித்திரை 1 புதுக்கணக்குக்கு நல்ல நாள்தான். ஆனால் மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் அழகர் மலைக்குத் திரும்பும்வரை கிளம்ப மாட்டார்கள். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு முடிந்து வரும் ஞாயிறு வசதி. மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆடிப்பெருக்கை ஒட்டி அரை மணி நேரச் சின்னத் திருத்தம் ஒன்று. அடிக்கடி திருத்துவதும் கெடுதல்; மாதாமாதம் திருத்துகிறவர்கள் திருத்துவதோடு சரி.

திருத்தத்தில் போடும் குறி மூன்றே. முடிந்ததற்கு ‘மு’, மாற்றியதற்கு ‘மா’, விட்டதற்கு ‘வி’. பக்கத்தில் தேதி, ஒரு வரிக் காரணம். ‘நேரமில்லை’ என்பது காரணமாகாது. நேரம் எதற்குப் போனது என்று எழுத வேண்டும். ‘அம்மாவின் டயாலிசிஸ், வாரம் இரண்டு நாள்’ என்று எழுதிய பக்கம் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தாலும் பேசும். மூன்று பெரிய திருத்தம் தாண்டியும் ஓர் அங்குலம் நகராத இலக்குக்கு யோசிக்காமல் ‘வி’ போடலாம். முதல் வருடத்தில் மட்டும் எதற்கும் ‘வி’ கிடையாது. எழுதிய சூடு ஆறியதும் எல்லாமே அபத்தமாகத்தான் தெரியும்.

புது ஆசை வந்தால் நேராக எண் கொடுக்காமல் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து அடுத்த திருத்தம் வரை ஊறப்போட வேண்டும். பாதி அங்கேயே செத்துவிடும். மிஞ்சுவதற்கு 101, 102 என்று புது எண். அடித்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கவே கூடாது, பழைய திருத்தப் பக்கங்கள் எதைச் சொல்கின்றன என்பது புரியாமல் போய்விடும்.

இலக்கு பெரிதென்று தெரிந்தால் பட்டாவில் உட்பிரிவு செய்வது போலப் பிரிக்கலாம். புல எண் 34 பிரிந்தால் 34/1, 34/2 ஆகும், தாய் எண் மாறாது. நெடுநாள் பட்டியலைக் காப்பாற்றும் ஒரே உத்தியைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

குறைகளும் உண்டு. எண்ணிக்கைப் பித்து பிடிக்கும். ஒரே நாளில் ஒன்பது கோயிலை ஓட்டமும் நடையுமாக முடித்துவிட்டு எது எந்தக் கோயில் என்று போட்டோவைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரே நோட்டு போடுவது சரிவருவதில்லை. யாருடைய இலக்குக்கு ‘வி’ போடுவது என்பதில் வரும் சண்டை நோட்டோடு முடியாது. தனித்தனி நோட்டு, பொதுவானவற்றுக்கு இரண்டிலும் ஒரே எண்.

உட்பிரிவுக்கு மாதிரியாக ஒரு பக்கம். எண் 34: ‘வைகையைப் பிறக்கும் இடத்திலிருந்து கடல் வரை நடப்பது, 258 கி.மீ.’ காடர்டுக்கு நைல் என்றால் மதுரைக்காரர் கைக்கு எட்டும் ஆறு இதுதானே. முதல் ‘மா’: மேலே வருசநாட்டு மலைப்பக்கம் 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் நடக்க முடியாது; தொடக்கம் வைகை அணை என்று மாற்றம். இரண்டாவது ‘மா’: ஆற்றின் தண்ணீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது, ‘கடல்’ அடிக்கப்பட்டு ‘பெரிய கண்மாய்’.

அதன் கீழே உட்பிரிவு. 34/1 அணை முதல் சோழவந்தான். 34/2 சோழவந்தான் முதல் மதுரை. 34/3 மதுரை முதல் திருப்புவனம் வழியாக மானாமதுரை. 34/4 பரமக்குடி வரை. 34/5 ராமநாதபுரம் வரை. பிரித்த இடமெல்லாம் ரயில் நிற்கும் ஊர். சோழவந்தான் திண்டுக்கல் பாதையில், மதுரைக்குக் கிழக்கே உள்ளவை ராமேஸ்வரம் பாதையில். நடந்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம், மறுமுறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 34/2 ஒரு பகல் நடை. 34/3-ஐ ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் கால் கொப்புளித்துவிடும், திருப்புவனத்தில் முறிக்க வேண்டும். காலை ஆறுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்த வேண்டும். கரையில் சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும், தடித்த அடி உள்ள ஷூ வேண்டும். அணையில் தண்ணீர் திறந்திருந்தால் மணலில் இறங்கக் கூடாது. செய்தி பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

34/2-க்கும் 34/3-க்கும் ‘மு’ விழுந்திருக்கிறது. 34/1 மட்டும் இரண்டு மார்கழியாக நகரவில்லை, இரண்டு முறையும் காரணம் ‘பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு’. ஆடித் திருத்தத்தில் அதுவும் இடையில் வரும் பேரணையை வைத்து 34/1அ, 34/1ஆ என்று இரண்டாகிவிட்டது. பக்கத்தின் அடியில் இன்னும் எட்டு வரி காலி.