ட்ரிப் விழாமல் "சரிசெய்து" தரும் வயரிங் பாஸ்மார்: கவனம்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் பழைய கராஜை மறித்து அறைகளாக்க நினைப்பவர்கள், வயரிங் பாஸைக் கூப்பிடுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எங்களுக்குப் போனது காசு மட்டும்தான். ஆளே போயிருக்கலாம்.

கராஜுக்குள் ஜிஐ (நாகம் பூசிய இரும்பு) சட்டம் நிறுத்தி, பலகை அடித்து மூன்றாக மறித்தோம். முன்னால் ஸ்டோர், நடுவில் மகளின் டியூஷன் வகுப்பு, கடைசியில் என் தையல் மெஷினும் அயன் மேசையும். வீட்டு மெயினிலிருந்து லைன் இழுத்து மூன்றுக்கும் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லி ஒரு பாஸ் வந்தார். பொயின்ட் கணக்கில் கூலி, சாமான் அவரே பழைய சோனகத் தெருவில் வாங்கி வருவார் என்று பேச்சு. பிளக் பொயின்ட்டுகளுக்கு 7/0.67 வயர் (0.67 மில்லிமீட்டர் தடிப்பில் ஏழு இழை) என்று பில்லில் இருந்தது. வயர் ஓடிய கையோடு பலகையை மூடி பெயின்டும் அடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு மழை பெய்தால் மெயின் போர்ட்டிலுள்ள ட்ரிப் (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) விழும். வீடு முழுக்க இருட்டு. கூப்பிட்டோம், வந்தார், மெயின் போர்ட்டைத் திறந்து ஐந்து நிமிஷம் எதையோ கழற்றி மாட்டினார். "இனி விழாது அக்கா. உங்கட ட்ரிப் பழசு, அதான் சும்மா சும்மா விழுது" என்றார். அந்த ஐந்து நிமிஷத்துக்கும் தனிக் காசு. சொன்ன மாதிரியே அதற்குப் பிறகு விழவே இல்லை.

ஆனால் அயன் பண்ணும்போது பலகையில் இருக்கும் ஸ்குரு ஆணியில் கை பட்டால் விறுவிறு என்றது. ஒரு நாள் அம்மா துடைத்த ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அந்தச் சட்டத்தைப் பிடித்தார். ஷொக் அடித்துக் கையை உதறி எறிந்தது. கை ஒட்டிக்கொள்ளாதது எங்கள் அதிர்ஷ்டம்.

வேறொரு எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டோம், என்விக்யூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ளவர். அவர் டெஸ்டரைக்கூட எடுக்கவில்லை. நேரே போய் ட்ரிப் சுவிட்சிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினார். வீடு அணைந்தது. பின்னால் தையல் அறை ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது! "அக்கா, பின்பக்கம் ட்ரிப்பிலயே இல்ல" என்றார்.

முதல் பாஸ் செய்த "ரிப்பேர்" அதுதான். மெயின் சுவிட்சுக்கும் ட்ரிப்புக்கும் இடையில் லைனைக் கிளை பிரித்து நேரே பின்னுக்கு விட்டிருக்கிறார். அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் ஓடினால் விழுகிற சுவிட்சான எம்சிபிகூட நடுவில் ஒன்று இல்லை. வீட்டு ட்ரிப் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுகிற சாமான்; மனிதனுக்கு ஷொக் அடிக்கும்போது காப்பாற்றுவது அதுதான். அதை விலக்கிவிட்டால், மீட்டர்ப் பக்கத்து ஃபியூஸ் எரிகிற அளவுக்குக் கரண்ட் ஓடினால்தான் எதுவும் நிற்கும்.

பலகையைக் கழற்றியபோது மீதியும் தெரிந்தது. கொன்டியூட் (வயர் ஓடும் குழாய்) கிடையாது, சட்டத்து ஓட்டைகளுக்குள்ளால் வெறும் வயரை இழுத்திருந்தார். பலகை ஆணி ஒன்று லைவ் வயரைக் குத்தி சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. தரை ஈரமானால் கரண்ட் சட்டத்தின் வழியே கசியும். மழைக்கு ட்ரிப் விழுந்ததன் காரணம் அவ்வளவுதான். பாவம், பழசு என்று பழி சுமந்த அந்த ட்ரிப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஜொயின்ட்டுகளுக்குப் பெட்டி இல்லை, முறுக்கி டேப் சுற்றியிருந்தார். கடைசி அறைக்கு எர்த் வயரே போகவில்லை. பிளக் பொயின்ட்டில் எர்த் ஓட்டை மட்டும் அழகாக இருந்தது. வயரும் 7/0.67 இல்லை, லைட்டுக்குப் போடும் 1/1.13. இதை நீங்களே பார்க்கலாம்: வெட்டிய நுனியில் 7/0.67க்கு ஏழு இழை இருக்கும், மற்றதற்கு ஒரே கம்பி.

இப்போது வீட்டு ட்ரிப்புக்குப் பிறகு எம்சிபி போட்டு, அதிலிருந்து எர்த்தோடு இன்னும் தடித்த 7/1.04 வயர் கொன்டியூட்டில் ஓடுகிறது. பின்னால் சின்ன டிபி (லைனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஒவ்வொரு அறைக்கும் தனி எம்சிபி. ஜிஐ சட்டத்துக்கும் எர்த் கொடுத்தாயிற்று. பலகை மூடுவதற்கு முன் ஒவ்வொரு ஓட்டையையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். நீங்களும் எடுங்கள், அதுவரை மீதிக் காசைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் டெஸ்ட் பட்டனை அவர் முன்னாலேயே அழுத்தி, பின்னறைகள் அணைகிறதா என்று பாருங்கள். எர்த்தைக் கழற்றி ட்ரிப் விழாமல் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்களாம். அது இந்தப் பட்டனில் தெரியாது, மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் பாஸுக்குப் படங்களை அனுப்பினேன். "வயர் மாறி வந்திருக்கும் அக்கா, கடைக்காரன்ட பிழை" என்று பதில் வந்தது. ட்ரிப்பைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. வயர்க் காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், இன்னும் வரவில்லை.