பல்லில் கல்லா, தகடா, தங்கக் கேப்பா?

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கல்யாண நகைக்காகக் கோயம்புத்தூருக்கோ திருச்சூருக்கோ செல்வது நெடுநாள் வழக்கம். அந்த நகைப் பட்டியலில் இப்போது பல்லில் ஒட்டும் கல்லும் இடம்பிடிக்கத் தொடங்கியிருப்பதால், கடைக்காரரும் அழகு நிலையத்தாரும் காட்டும் வகைகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். மின்னுவது எது என்பதைவிட, அதற்காகப் பல்லில் எவ்வளவு போகிறது என்பதே என்னுடைய அளவுகோல். முன்பல்லின் வெளிப்புறத்தில் எனாமல் என்னும் கடினமான மேலுறை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கிறது. அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைத்தபோதே மறைந்துவிடுவதால், தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை.

ஒட்டும் கல்லில் இழப்பு மிகக் குறைவு. மருத்துவர் பல்லைத் துலக்கி, பஞ்சு வைத்து எச்சிலைத் தடுத்து, சுமார் 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை அரை நிமிடம்போலத் தடவிக் கழுவுகிறார். காற்றடித்து உலர்த்தியதும் அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். அதன் மேல் பிணைப்புத் திரவமும் ஒரு துளி காம்போசிட்டும் (பல்லடைக்கும் பிசின்) வைத்துக் கல்லை அழுத்தி, நீல ஒளியில் இறுக வைப்பார்கள். அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் பியூனோகோர் 1955இல் வெளியிட்ட அமில முறைதான் இது; பல்லுக்குக் கம்பி கட்டுவதும் இவ்வழியில்தான். துளை கிடையாது, மரத்துப்போக ஊசியும் வேண்டாம். இதன் குறை, கல்லைச் சுற்றி விளிம்பாக நிற்கும் காம்போசிட். வெற்றிலைச் சிவப்பும் மஞ்சளும் தேநீர்க் கறையும் அதில் ஏறும். ஈறோடு ஒட்டி வைத்தால் அழுக்குப் படிந்து ஈறு வீங்கும். மேல்வரிசைக் கோரைப்பல்லோ அதற்கு முந்தைய வெட்டுப்பல்லோ ஏற்ற இடம். கீழ்வரிசை வேண்டாம்: வாயை மூடும்போது கீழ்ப்பல்லின் முகம் மேல்பல்லின் பின்புறத்தில் உரசுவதால், கல் விழும், அல்லது மேல்பல் தேயும்.

இந்தப் பகுதிக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு மிகுதியாக இருப்பது நெடுநாளாக அறியப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பதே வரம்பு. சிறுவயதில் அத்தகைய நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறையும் இருக்கும். அவ்வகை எனாமலின் மேற்பரப்பு அமிலத்துக்கு எளிதில் இணங்காததால் பசையின் பிடி தளரும், கல் விரைவில் உதிரும். கறையை மறைக்கவே கல் ஒட்டிக்கொள்ள விரும்புவோருக்கு, மின்னும் இடத்தை நோக்கியே பிறர் கண் போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் கறைக்குச் சிகிச்சை, பிறகு கல் என்பதே சரியான வரிசை.

கல்லுக்குப் பதில் சிறு பொன்தகடு வைப்பதும் இதே முறைதான். தங்கத்தில் பசை தானாகப் பிடிக்காது; இதற்கென்றே செய்த தகடுகளின் பின்புறத்தைச் சொரசொரப்பாக்கியிருப்பார்கள். பாட்டியின் மூக்குத்தியை ஆசாரியிடம் கொடுத்துத் தட்டி வாங்கி ஒட்டச் சொல்வது, கேட்பதற்கு உருக்கமாக இருந்தாலும், தவறு. பழைய கேடிஎம் நகைகளின் பற்றாசில் காட்மியம் இருக்கிறது. அது வாய்க்குள் இருக்க வேண்டிய பொருள் அன்று.

கழற்றக்கூடிய தகட்டுக் கவசமான கிரில்ஸ், 1980களில் நியூயார்க் ராப் இசைக்காரர்களிடையே பரவியது. பல் அச்செடுத்து வார்த்தால் பொருந்தும். இணையத்தில் வாங்கும் மலிவுக் கவசம் ஈறைக் குத்தும், அதில் நிக்கல் இருந்தால் ஒவ்வாமையும் வரலாம். ஒரு மாலை வரவேற்புக்கு அணிந்து கழற்றுவதில் பெரிய கேடில்லை. ஆனால் பந்தியில் இலை போட்டதும் அதைக் கழற்றி எங்கே வைப்பது என்று மணமகன் யோசித்துக்கொள்ள வேண்டும்.

பல்லை முழுதாக மூடும் தங்கக் கேப்பின் நிலை வேறு. பொருளாகப் பார்த்தால் வார்ப்புத் தங்கம் மிக நல்லது: எதிர்ப்பல்லை அதிகம் தேய்க்காது, பல ஆண்டுகள் உழைக்கும். வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லுக்கு யாரேனும் தங்கம் கேட்டால் நான் மறுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் கேப் பொருத்தப் பல்லைச் சுற்றிலும் அரைத்தாக வேண்டும். நல்ல முன்பல்லை ஒரு மினுக்கத்துக்காக அரைத்துவிட்டால், அந்தப் பல்லுக்கு வாழ்நாள் முழுதும் ஏதாவது ஒரு கேப் தேவைப்படும்.

துளையிட்டு வைரமோ வேறு கல்லோ பதிப்பது மிகப் பழைய வழக்கம், என் கணக்கில் கடைசியானது. நடு அமெரிக்காவின் பழங்கால மாயர்கள் ஜேட், பைரைட் கற்களை முன்பற்களில் குடைந்து பதித்தார்கள். கற்கள் இன்னும் உதிராத மண்டையோடுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் சிலவற்றில் வேர்நுனியில் சீழ் கட்டிய தடமும் இருக்கிறது. இன்று கருவி நுட்பமானது என்றாலும், குழி குழிதான். மனம் மாறினால் அதை அடைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே கல்யாணப் பெண்ணுக்கு மேல்வரிசையில் ஒரு கல், பல் மருத்துவர் கையால், சொத்தையும் ஈறு வீக்கமும் இல்லாத வாயில் என்பதே என் தேர்வு. சயனோஅக்ரிலேட் என்னும் உடனடிப் பசையோடு வரும் வீட்டுப் பெட்டிகளை எவ்விலைக்கும் வாங்க வேண்டாம். விலை பேசும்போது, கல்லை எடுத்து, மிச்சக் காம்போசிட்டைச் சுரண்டிப் பல்லை மெருகேற்றும் கட்டணமும் அதில் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒட்டும் விலையை மட்டுமே சொல்வார்கள்.