கிரேட் அலெகெனி பேசேஜ்: கார் இல்லாத 150 மைல்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள கம்பர்லேண்ட் ஊரில் தொடங்கி பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் வரை போகிறது கிரேட் அலெகெனி பேசேஜ் சைக்கிள் பாதை. 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். மலை ஏறி, மூன்று ஆறுகளை ஒட்டி இறங்கி, நகரத்தின் நடுவில் முடிகிறது. கட்டணம் கிடையாது. ஊர்ச் சாலைகளைக் குறுக்கே கடக்கும் இடங்களைத் தவிர, காரையும் லாரியையும் பார்க்க வேண்டியதே இல்லை. சைக்கிள் ஓட்ட ஆசை, சாலையில் போகப் பயம் என்று சொல்லும் யாராக இருந்தாலும் நான் முதலில் கைகாட்டும் இடம் இதுதான்.

முழுப் பாதையையும் அப்பாவோடு ஓட்டினேன். அறுபதுகளின் கடைசியில் இருக்கிறார். நெய்வேலியில் வேலை பார்த்த காலம் முழுக்க ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போய்வந்தவர். பிட்ஸ்பர்க் புறநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தபின் சைக்கிளைத் தொடவே இல்லை. இங்கே சாலையோரத்தில் ஒதுங்க இடமில்லை. இந்தப் பாதையைப் பற்றிச் சொன்னதும், "மலைமேல மிதிக்கச் சொல்றியாம்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பதில் ரயிலில் இருக்கிறது. கம்பர்லேண்டிலிருந்து கானல்ஸ்வில் வரையான மலைப்பகுதி, வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே 1912-ல் திறந்த தடம். 1975-ல் ரயில் நின்றுபோனது. நிலக்கரி ஏற்றிய ரயில் செங்குத்தாக ஏறாது. அதனால் மலையைக் குடைந்தும், பள்ளங்களுக்கு மேல் பாலம் கட்டியும், முடிந்தவரை சமமாகவே தடம் போட்டிருக்கிறார்கள். அந்தச் சமம்தான் இன்று நம் முழங்காலைக் காப்பாற்றுகிறது. ஓஹியோபைல் பக்கத்தில் 1986-ல் திறந்த சிறு துண்டிலிருந்து, பிட்ஸ்பர்க்கில் 2013-ல் சேர்ந்த கடைசித் துண்டு வரை, இந்தப் பாதை முழுசாக 27 ஆண்டுகள் ஆயின. இடம் இடமாக நிலம் வாங்கி, பாலம் பாலமாகச் சரிசெய்து இணைத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

எந்தப் பக்கமிருந்து ஓட்டுவது? என் யோசனை கம்பர்லேண்டிலிருந்து. முதல் 24 மைல் விடாத ஏற்றம். ஆனால் 100 அடிக்கு ஒன்றரை அடிதான். கியரைக் குறைத்துவிட்டுப் பேசிக்கொண்டே ஏறலாம். முகட்டின் உயரம் 2,392 அடி. அதற்குக் கிழக்கே விழும் மழை அட்லாண்டிக் பக்கமும், மேற்கே விழுவது ஓஹியோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகிறது. அங்கிருந்து பிட்ஸ்பர்க் வரை ஆற்றோடு சேர்ந்து நாமும் இறங்குகிறோம். முகட்டுக்கு இரண்டு மைல் முன்னால் பிக் சாவேஜ் சுரங்கப்பாதை: 3,294 அடி நீளம், உள்ளே விளக்கு உண்டு, கோடையிலும் ஜில்லென்று இருக்கும். நுழையும் முன் திரும்பிப் பாருங்கள். மேரிலாந்து மலைகள் வரிசை வரிசையாகத் தெரியும்.

தரையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லை நொறுக்கிப் போட்டு உருட்டிய தரை. நம் ஊர் கிரஷர் தூளை நன்றாகக் கெட்டித்தால் எப்படி இருக்குமோ அப்படி. காய்ந்திருந்தால் அருமை: டயர் சரசரவென்று சத்தம் போடும், வழுக்காது. கிரேவல் பைக்கில் (மண், சரளைத் தடத்துக்கான சைக்கிள்) 40 மில்லிமீட்டர் டயர் போட்டு, 40 பிஎஸ்ஐ காற்றோடு ஓட்டினேன். அதிர்வே தெரியவில்லை. டயர் அகலம் 35 மில்லிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம். மழை பெய்தால் கதை வேறு. தூள் சாம்பல் நிறக் குழம்பாகி செயினில் அப்பிக்கொள்ளும். மட்கார்டு மாட்டுங்கள், செயின் எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவும் வகைக்கு இங்கே அனுமதி உண்டு. கடையில் கொடுத்த முதல் வண்டியில் பிரேக் கட்டை தேய்ந்தே போயிருந்தது. காட்டியபின் மாற்றிக் கொடுத்தார்கள். வெளியே தள்ளும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

பாதையின் உயிர் மேயர்ஸ்டேலுக்கும் ஓஹியோபைலுக்கும் நடுவில் இருக்கிறது. சாலிஸ்பரி பாலம் 1,908 அடி நீளம். நூறடி கீழே காசல்மன் ஆறும் நெடுஞ்சாலையும், சுற்றியுள்ள மேடுகளில் காற்றாலைகளும். நம்மை உரசிப் போகும் லாரிகள் எல்லாம் அங்கே காலடியில் எங்கேயோ ஓடுகின்றன. அப்புறம் ராக்வுட் தாண்டினால் காடு நெருங்கிவிடும். கான்ஃப்ளூயன்ஸ் ஒரு முக்கூடல்: காசல்மன் ஆறும் லாரல் ஹில் ஓடையும் அங்கே யாக்கியகேனி ஆற்றில் கலக்கின்றன. அங்கிருந்து ஓஹியோபைல் வரை ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரங்களுக்கிடையே ஆறு. ஓஹியோபைலில் அருவி இருக்கிறது. அதற்கடுத்த உயரமான பாலத்தில் நின்றால், கீழே ரப்பர் படகுகள் நுரையில் குதித்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். வேகமாக ஓட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கானல்ஸ்வில்லுக்குப் பிறகு காட்சி மாறும். பலர் இந்தப் பகுதி 'போர் அடிக்கும்' என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது நிலக்கரி நாடு. வான் மீட்டர் அருகே, 1907 டிசம்பர் 19 அன்று வெடித்த டார் சுரங்கத்தின் இடத்தைக் கடக்கிறோம். 239 பேர் இறந்தார்கள். பலர் ஹங்கேரியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் சொன்னதும் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். வெஸ்ட் நியூட்டன் தாண்டி ஓரிடத்தில், கைவிட்ட சுரங்கத்துத் தண்ணீர் கசிந்து பாறை முழுக்கச் செம்மஞ்சளாகியிருக்கிறது. நிலக்கரியோடு இருக்கும் இரும்பு, கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டுச் சிதைவதால் வரும் நிறம் அது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் மேலே வெட்ட முடியும். அப்பா அந்த இறைக்கும் பிரிவில் இருந்தவர். "வெட்டறதைவிட தண்ணிதாம்மா பெரிய வேலை. மனுஷன் போன பிறகும் அது நிக்காது" என்றார். வழிகாட்டிப் பலகை எதுவும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

மக்கீஸ்போர்ட்டிலிருந்து தார்த்தரை அதிகம், பழைய ஆலைப் பகுதிகளின் இரைச்சலும் உண்டு. 1892-ல் எஃகு ஆலைத் தொழிலாளர் போராட்டம் நடந்த ஹோம்ஸ்டெட், உருகிய இரும்பை ஆற்றைக் கடத்திய ஹாட் மெட்டல் பாலம், கடைசியில் மொனோங்கஹேலாவும் அலெகெனியும் சேர்ந்து ஓஹியோ ஆகும் முனை.

குறைகள் சொல்கிறேன். சைவ உணவுக்காரர்களுக்கு வழியில் பீட்சா, சாண்ட்விச், ஐஸ்கிரீம் தாண்டி அதிகம் கிடைக்காது. நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம், அதுதான் சரி. பள்ளத்தாக்கில் பல இடங்களில் போன் சிக்னல் வராது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். புல்லில் உட்கார்ந்து எழுந்தால் உண்ணி ஏறியிருக்கிறதா என்று காலைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் உண்ணி கடித்து வரும் லைம் நோய் விளையாட்டல்ல. எதிர்க்கரையில் சரக்கு ரயில் இன்னும் ஓடுகிறது. ஆற்றோரம் கூடாரம் போட்டால் இரவெல்லாம் ஹாரன் கேட்கும். பிக் சாவேஜ் சுரங்கப்பாதையைக் குளிர்காலத்தில், டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, மூடிவிடுகிறார்கள்.

கம்பர்லேண்டுக்குப் போக ஆம்ட்ராக் (அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனம்) ரயில் உண்டு. சைக்கிளைக் கழற்றாமல் ஏற்றலாம். ஆனால் இடம் குறைவு, முன்பதிவு கட்டாயம். பிட்ஸ்பர்க்கிலிருந்து அதிகாலையில் கிளம்புவதால் முந்தைய இரவே எல்லாவற்றையும் கட்டிவையுங்கள். அக்டோபர் நடுவில் இலை நிறம் மாறும் நேரம்தான் என் தேர்வு. கூட்டம் வேண்டாம் என்றால் மே மாத வாரநாட்கள். முழுப் பாதைக்கு நேரமில்லையா? கான்ஃப்ளூயன்ஸில் காரை நிறுத்திவிட்டு ஓஹியோபைல் வரை போய்த் திரும்புங்கள். ஒரு வழி ஏறத்தாழ 11 மைல். பெரியவர்கள், பத்து வயதுப் பிள்ளைகள், பல வருடமாகச் சைக்கிளைத் தொடாதவர்கள், எல்லோரையும் கூட்டிப் போகலாம்.