குழி முந்தியா, மண் முந்தியா?

மதுரையைச் சுற்றியுள்ள சார்னோக்கைட், நைஸ் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வெந்து உருமாறியவை. இன்று அவற்றின் மேல் நடக்கிறோம். வைகையோடு கிழக்கே போனால், அதே கடினப்பாறை மணலுக்கும் களிமண்ணுக்கும் அடியில் மறைந்துவிடுகிறது. அது காவிரிப் படுகை எனப்படும், படிவு நிறைந்த நிலத்தடிப் பெரும்பள்ளத்தின் தென்பகுதி. அந்தப் படுகையின் ஆழமான இடங்களில் 5 கிலோமீட்டருக்கு மேல் படிவு கிடக்கிறது. இவ்வளவு பெரிய பள்ளத்தை ஆக்கியது எது?

ஆறு கொண்டுவந்த மண்ணின் பாரமே தரையை அமுக்கியது என்பது ஒரு விளக்கம். வைகையில் வெள்ளம் கலங்கி வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் மனதில் பதியும். பாரம் அமுக்குவதும் உண்மைதான். ஆனால் கணக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 1 கிலோமீட்டர் ஆழக் கடலை மண்ணால் நிரப்பினால், அமுங்குவதையும் சேர்த்து 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல் படிவு தங்கும். அதோடு பள்ளம் நிறைந்துவிடும். மண் பள்ளத்தைப் பெருக்கும், தொடங்கி வைக்காது. முதல் பள்ளம் வேறெங்கிருந்தோ வர வேண்டும்.

மற்ற விளக்கம், நிலத்தட்டு இழுபட்டுப் பிளந்தது. இந்தியாவும் மற்றத் தென்கண்டங்களும் ஒன்றாயிருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடையத் தொடங்கியபோது, சுமார் 15 முதல் 13 கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கே பூமியின் மேலோடு மெலிந்து, பிளவுகள் வழியே கட்டம் கட்டமாகச் சரிந்தது. எனக்கு இதை உறுதிப்படுத்துவது பள்ளங்களின் திசை. வைகை தென்கிழக்கே ஓடுகிறது. அடியில் உள்ள பள்ளங்களும் மேடுகளுமோ வடகிழக்கு–தென்மேற்காக நீள்கின்றன. ஆற்று மண்ணே அமுக்கியிருந்தால் இப்படி நேர்கோட்டு விளிம்புகள் வந்திருக்காது.

இழுபடுவது நின்ற பிறகும் தரை இறங்கியது. மெலிந்த மேலோட்டுக்கு அடியில் ஏறிய சூடு ஆற ஆற, கல் இறுகிக் கனத்தது. இதற்கான கணக்கைப் புவி இயற்பியலாளர் டான் மெக்கன்சி 1978இல் தந்தார். இந்த மெதுவான இறக்கம் பல கோடி ஆண்டுகள் நீள்வது. வண்டலின் பாரம் அதிகம் பேசுவதும் இந்தக் காலத்தில்தான்.

ஆகவே என் வாக்கு தட்டு நகர்வுக்கே. ஆனாலும் படிவு இல்லையென்றால் அந்தப் பிளவின் வரலாறு நமக்குத் தெரிந்திருக்காது. அரியலூரில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்துக் கடற்படிவுகளில், அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரின் ஓடுகள் பக்கம் பக்கமாக அதைச் சேமித்திருக்கின்றன.

பாறைக்கும் படிவுக்கும் உள்ள வேறுபாடு இன்று கிணற்றிலும் தெரியும். மதுரையில் ஆழ்துளைக் கிணறு போட்டால் பாறை விரிசலில் சிக்கினால்தான் தண்ணீர். ராமநாதபுரத்தில் மணல் அடுக்கே தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, பல இடங்களில் உப்பாக. இன்னும் கீழே அதே மாவட்டத்தின் படிவுகளில் எரிவாயு தங்கியிருக்கிறது. வழுதூர் மின்நிலையம் ஓடுவது அதில்தான்.