2 மீட்டர் உயரத்தை எப்படிப் பதிவது: ஸ்கேலாரா, ஒற்றை உறுப்பு வெக்டாரா?

வானிலை மாடல்களில் வெப்பநிலை பெரும்பாலும் தரையிலிருந்து 2 மீட்டரிலும் காற்று 10 மீட்டரிலும் கொடுக்கப்படும். நெட்சிடிஎஃப் (அறிவியல் தரவை அணிகளாகச் சேமிக்கும் கோப்பு வடிவம்) கோப்பில் இந்த உயரத்தைப் பதிய இரண்டு வழி உண்டு. நீளம் 1 உள்ள ஓர் உயரப் பரிமாணம் வைக்கலாம். வெப்பநிலை அப்போது நேரம், உயரம், அட்சம், தீர்க்கம் என்று நான்கு பரிமாணமாகும். அல்லது உயரத்தைப் பரிமாணமே இல்லாத ஸ்கேலார் மாறியாக, அதாவது வெறும் ஒற்றை எண்ணாக வைத்து, வெப்பநிலையின் ‘கோஆர்டினேட்ஸ்’ பண்பில் அதன் பெயரைக் குறிக்கலாம். எங்கள் கோப்புகளை ஒழுங்குபடுத்தும்போது நான் ஸ்கேலாரைத்தான் எடுத்தேன். இன்றும் அதே கட்சிதான்.

பொருளில் இரண்டும் ஒன்றே. நெட்சிடிஎஃப் கோப்புகளில் வானிலைத் தரவை எப்படி விவரிப்பது என்று சொல்லும் சிஎஃப் விதிமுறையும் சமமாகவே பார்க்கிறது. தரவின் அளவும் மாறாது. சிமிப்6 (உலகக் காலநிலை மாடல்களை ஒப்பிடும் திட்டம்) கோப்புகளில் 2 மீட்டர் வெப்பநிலை ஸ்கேலார் உயரத்தோடுதான் வருகிறது.

முடிவை மாற்றுவது ஒரே விஷயம்: வேறு வேறு உயரத்தில் உள்ள இரண்டு மாறிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் என்ன ஆகிறது? ஆஸ்திரேலியாவில் பயன்படும் ‘உணரும் வெப்பநிலை’ சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையோடு நீராவி அழுத்தத்தின் 0.33 மடங்கைக் கூட்டி, காற்று வேகத்தின் 0.70 மடங்கையும் 4-ஐயும் கழிக்க வேண்டும். வெப்பநிலை 2 மீட்டர், காற்று 10 மீட்டர். உயரம் ஒற்றை உறுப்புப் பரிமாணமாக இருந்தால், எக்ஸ்அரே (இத்தகைய தரவைக் கையாளும் பைத்தான் நூலகம்) இரண்டு பக்கத்து உயர மதிப்புகளையும் ஒப்பிட்டு, பொதுவானதை மட்டும் வைத்துக்கொள்ளும். 2-க்கும் 10-க்கும் பொதுவானது எதுவும் இல்லை. விடையில் உயரப் பரிமாணத்தின் நீளம் 0 ஆகிவிடும். பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. அதன் சராசரியை எடுத்தால் ‘NaN’ (எண் அல்ல என்ற குறி) என்று வரும், அவ்வளவுதான். பத்து வரி தள்ளி வரைபடம் வெறுமையாக நிற்கும்போதுதான் தேட ஆரம்பிப்போம்.

ஸ்கேலாராக இருந்தால் கணக்கு ஓடும். முரண்படும் உயரத்தை எக்ஸ்அரே விடையிலிருந்து கழற்றிவிடும். அதுவே நியாயமும்கூட, ஏனென்றால் உணரும் வெப்பநிலை 2 மீட்டருக்கும் சொந்தமில்லை, 10 மீட்டருக்கும் சொந்தமில்லை.

ஸ்கேலாரிலும் கவனிக்க வேண்டியது உண்டு. ஒரே கோப்பில் ‘ஹைட்’ என்ற ஒரு பெயருக்கு இரண்டு மதிப்பு வைக்க முடியாது. அதனால் இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தால் 2 மீட்டருக்கு ஒரு பெயர், 10 மீட்டருக்கு ஒரு பெயர் என்று கொடுத்துவிடுங்கள். பெயரை மாற்றாமல், எக்ஸ்அரேயில் முரண்பாட்டைப் பார்க்காதே என்று சொல்லும் ‘ஓவர்ரைட்’ (override) போட்டு இணைத்தால், முதலில் வந்த உயரமே நிற்கும். 10 மீட்டர் காற்று 2 மீட்டர் காற்றாக வேஷம் போடும். அந்த ஸ்கேலாருக்குக் கோப்பில் உள்ள எந்தப் பரிமாணத்தின் பெயரையும் வைக்க வேண்டாம் என்றும் சிஎஃப் வலியுறுத்துகிறது.

நேரத்துக்கு மட்டும் நான் கட்சி மாறுவேன். மணிக்கு ஒரு கோப்பு என்று வந்தாலும், நேரம் நீளம் 1 உள்ள அன்லிமிடெட் (பின்னால் நீட்டிக்கக்கூடிய) பரிமாணமாகவே இருக்கட்டும். டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மாடலும் கோப்புக்கு ஒரு நேரம் எழுதினால் அப்படித்தான் எழுதுகிறது. நெட்சிடிஎஃப் கோப்புகளுக்கான என்சிஓ கருவித்தொகுப்பின் என்சிஆர்கேட் கட்டளை இந்தப் பரிமாணத்தில்தான் கோப்புகளை ஒட்டவைக்கும். ஸ்கேலார் நேரமென்றால் அதே தொகுப்பின் என்சிஇகேட் மூலம் புதிதாக ஒரு பரிமாணம் உண்டாக்க வேண்டும். எக்ஸ்அரேயும் கோப்புகளைத் தானாக வரிசைப்படுத்த மறுத்துவிடும். எந்தப் பரிமாணத்தில் சேர்ப்பது என்று நாமே சொல்ல வேண்டும்.

நான் சொல்வதெல்லாம் பைத்தானும் என்சிஓவும் புழங்கிய அனுபவம். உயர மதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்காத வெறும் நம்பை (பைத்தானின் அடிப்படை எண் நூலகம்) அணிகளில் மேலே சொன்ன நீளம் 0 சிக்கலே எழாது. அங்கே ஒற்றை உறுப்பின் (1) வடிவமும் ஸ்கேலாரின் வெற்று வடிவமும் ஒன்றுபோலவே கணக்கிடப்படும், ஸ்கேலாரைப் போய் [0], அதாவது முதல் உறுப்பு, என்று கேட்டால் மட்டும் பிழை வரும். சிஎஃப்-க்கு முந்தைய கோர்ட்ஸ் விதிமுறைக் காலத்துப் பழைய மென்பொருள் உங்கள் கோப்பைப் படித்தாக வேண்டுமென்றால் உயரத்தையும் ஒற்றை உறுப்பாகவே எழுதுங்கள். அந்த விதிமுறையில் ஸ்கேலார் கோஆர்டினேட்டுக்கு இடமில்லை.